குருவிக்கு விட்ட மாடி

ஒரு ஆளைத் திட்டுவதற்கென்றே விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போன மதுரைக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திட்ட வேண்டிய ஆள் என் அத்தான் குணா. செய்த குற்றம், குருவி வளர்க்க ஆசைப்பட்டது.

என் அக்கா மல்லிகா கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவள். லிட்டில் இந்தியா தெருவில் அவர்களுக்கு ஒரு கடைவீடு. கீழே அக்காவின் பூசைச் சாமான் கடை, நடுவில் குடித்தனம், மேல்மாடி காலி. அத்தான் போர்ட் கிள்ளானில் சொந்த லோரி வைத்துக் கண்டெய்னர் இழுத்துக்கொண்டிருந்தவர். போன வருடம் ஒரு நாள் யாரையும் கேட்காமல் லோரியை விற்றார். மேல்மாடி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். கூரைக்குக் கீழே ஒரே ஒரு ஓட்டை விட்டார். உள்ளே இருட்டாக்கி, உத்தரத்தில் பலகை அடித்து, ஸ்பீக்கர் மாட்டினார்.

எல்லாம் வாலிட் குருவிக்காக. நம் ஊரில் உழவாரன் என்போமே, அந்த இனம். எச்சிலாலேயே கூடு கட்டும். அந்தக் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள், நல்ல விலை. குகையில் வாழ்ந்த பறவை, பாவம், நாகரிகம் வந்து நகரத்துக் கடைவீட்டு மாடிகளில் குடியேறிவிட்டது. கிள்ளானில் ஊரார் மாடிக்கெல்லாம் வந்தது. அத்தான் மாடிக்கு மட்டும் வரவில்லை.

"ஒரு வருசம் ஆச்சுடி வசந்தி" என்று அக்கா போனில் மூக்கைச் சிந்தினாள். "தெனம் சாயந்திரம் மொட்ட மாடியில நின்னு வானத்தையே பாக்குறார். மனுசன் பாதியா போயிட்டார். என்னால அதப் பாக்க முடியல. டியூஷன் சென்டர் வைக்கிறேன்னு ஒரு தம்பி மாடிய வாடகைக்குக் கேக்குது. ஞாயித்துக்கெழம முடிவு கேக்க வருது. நான் சொன்னா இவர் காதுல ஏறாது. கொழுந்தியா நீ சொன்னா கேப்பார். வந்து நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டு, இந்தக் குருவிய விடச் சொல்லிட்டுப் போ."

நறுக்கென்று கேட்பதில் எனக்கு ஊரறிந்த பேர் உண்டு. வங்கியில் லீவு போட்டேன். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டின்னோடு ஒரு செவ்வாய்க்கிழமை கோலாலம்பூரில் இறங்கினேன்.

இறங்கிய அன்றே கோட்டை விட்டேன். கோலாலம்பூர் சென்ட்ரலில் கிள்ளானுக்கு ரயில் ஏறியவள், பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே மின்கம்பி முழுக்க ஊசிவால் குருவிகள், இடைவெளி இல்லாமல். அடேயப்பா, இவ்வளவு குருவியை வைத்துக்கொண்டா இந்த மனிதனுக்கு ஒன்று கிடைக்கவில்லை என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்ததில் கிள்ளான் ஸ்டேஷன் போனதே தெரியவில்லை. கடைசி ஸ்டேஷனில் ரயில் நின்று, பெட்டியில் விளக்கை அணைத்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். போர்ட் கிள்ளான். அதற்கு மேல் கடல்தான்.

அத்தான் கார் எடுத்து வரும்வரை ஸ்டேஷன் வாசலில் ஒரு நாசி லெமாக் பொட்டலம் வாங்கிப் பிரித்தேன். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, அரை முட்டை. ஒரு வாய் வைப்பதற்குள் காக்கை ஒன்று பக்கத்துப் பெஞ்சில் இறங்கி, என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் குனிந்த நேரத்தில் முட்டை போய்விட்டது. மதுரைக் காக்கை திருடினால் திருடிய குற்ற உணர்ச்சியில் பறந்துவிடும். இது எதிர்த்த தூணில் உட்கார்ந்து என் கண் முன்னாலேயே தின்றது.

"அதுக்கு இது சொந்த ஊரு மாதிரிம்மா" என்று அத்தான் வந்ததும் காக்கைக்கு வக்காலத்து வாங்கினார். "வெள்ளக்காரன் காலத்துல காப்பித் தோட்டத்துப் புழுவத் திங்க சிலோன்லேருந்து கொண்டாந்தானாம். காப்பி போச்சு, புழு போச்சு, வெள்ளக்காரனும் போயிட்டான். இது மட்டும் குடிமகன் மாதிரி நீல ஐசி வாங்கிக்கிட்டு உக்காந்திருச்சு. உங்கக்காவே இன்னும் வெளியூரு ஆளு, செவப்பு ஐசிதான் லா."

ஆள் நிஜமாகவே பாதியாகியிருந்தார். லோரி ஓட்டும் காலத்தில் பெல்ட்டுக்கு மேல் வழிந்த தொப்பை காணாமல் போய், சட்டை தோளில் தொங்கியது. திட்டுவதற்காக வழி நெடுகத் தயாரித்த வாக்கியங்களில் பாதி எனக்கு அப்போதே மறந்துவிட்டது.

கம்பியில் பார்த்த குருவிகளைப் பற்றிக் கேட்டேன். அத்தான் சிரித்தார். "அது நம்ம ஆளு இல்ல. வடக்குல குளிர் தாங்காம வந்த விருந்தாளி. மழ சீசன் முடிஞ்சா மூட்ட கட்டிரும். காட்டுல எடம் இருக்கறப்ப அது ஏன் டவுனுக்கு வந்து கம்பியில தொங்குது? டவுன்ல வெளிச்சம், வெளிச்சத்துக்குப் பூச்சி. எல்லாம் சோத்துக்குத்தான். நம்ம வாலிட் கம்பியில உக்காராது. அதுக்குக் காலு பத்தாது. பறந்துகிட்டே இருக்கும், இல்லாட்டி செவுத்துல ஒட்டிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கெடையாது."

கடைவீட்டை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. கிச்சுகிச்சுகிச்சென்று ஒரு கூட்டமே கத்தும் சத்தம். எல்லாம் ஸ்பீக்கர். கூரையில் ஒன்று வரும் பறவையைக் கூப்பிட, உள்ளே பல, வந்த பறவையை உட்கார வைக்க. விடிந்ததிலிருந்து அடையும் வரை ஓயாது. அக்கா குடும்பம் அதற்குக் கீழேதான் சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டு வாழ்கிறது. "பழகிருச்சுடி" என்றாள் அக்கா. "நின்னாத்தான் தூக்கம் வராது."

கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. மேல்மாடிக்கு நாலைந்து மாதம் கழித்துச் செய்த கிரகப்பிரவேசம். ஆமாம், குருவி வீட்டுக்குத்தான். ஜன்னல் இல்லாத இருட்டறைக்குள் கணபதி ஹோமம். குருக்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார், அத்தான் இருமிக்கொண்டிருக்கிறார், அக்கா ஒருத்தி மட்டும் பட்டுப்புடவையில் பளிச்சென்று நிற்கிறாள். "பால் காச்சாம ஒரு வீட்டுக்குக் குடி போவாங்களா? குருவின்னா மட்டும் என்ன, அதுவும் குடும்பம்தானே" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது எனக்கு.

அன்று சாயந்திரம் விளக்கு வைத்ததும் அக்கா தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவினாள். கடை முழுக்கக் காட்டி, வீடு முழுக்கக் காட்டி, படியேறி மேல்மாடிக்கும் போய்விட்டு வந்தாள். அத்தான் அந்த நேரம் பார்த்து என்னை அப்பம் வாங்க வெளியே இழுத்துக்கொண்டு போனார். சாம்பிராணியை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. விளக்கு வைத்தால் புகை போடுவது எங்கள் வீட்டில் சுவிட்சைப் போடுவது மாதிரி.

புதன்கிழமை அக்கா சரக்கு எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். வாழையிலைச் சாப்பாடு. பக்கத்து மேசையில் சாப்பிட்டவர் கைகழுவ எழுந்ததுதான் தாமதம், ஒரு மைனா நடந்து வந்தது. பறந்து இல்லை, நடந்து. நாற்காலியில் ஏறி, இலையில் ஏறி, அப்பளத்தை எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனது.

"வெரட்டாதீங்கக்கா, ரெகுலர் கஸ்டமர்" என்றார் பரிமாறியவர். "காலைல ரொட்டி சானாய், மத்தியானம் அப்பளம். தோச வெச்சா தொடாது. வாய்க்கு ருசி வந்துருச்சு லா."

நம்மூர் மைனா வயலில் புழு பொறுக்கும், கோயில் கோபுரத்தில் பொந்து தேடும். இது டிராபிக் லைட்டின் குழாய்க்குள் கூடு வைத்துக்கொண்டு, சிவப்பு விழுந்தால் ரோட்டில் இறங்கிப் பொறுக்குகிறது, பச்சை விழுந்தால் ஓரத்துக்குப் போகிறது. நானே பார்த்தேன். அதே இடத்தில் இரண்டு மனிதர்கள் சிவப்பை மதிக்காமல் ஓடியதையும் பார்த்தேன்.

திரும்பும்போது அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா, அவர் குருவி குருவின்னு கெடக்கறப்ப நீ சண்டையே போடலயா?"

"போட்டேன். லோரிய வித்தன்னிக்கே போட்டேன். அப்புறம் பேச்ச நிறுத்திட்டேன். மாசக்கணக்கா சோத்தத் தட்டுல போட்டு வெச்சிட்டுப் போயிருவேன், மூஞ்சியப் பாக்க மாட்டேன்." ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "அப்புறம் என்னமோ மனசு கேக்கல. அதை விடு. நீ எப்ப அவர்ட்டப் பேசப்போற?"

நாளைக்கு என்றேன்.

வியாழக்கிழமை அத்தான் என்னை ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று காரில் ஏற்றினார். நல்ல சந்தர்ப்பம், காருக்குள் மாட்டிக்கொண்டால் மனிதன் எங்கே ஓடுவான் என்று நானும் ஏறினேன். முதலில் ஷா ஆலம். அங்கே ஒரு அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் எல்லாக் காரின் பக்கக் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் பையோ பழைய சாக்ஸோ மாட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்பதற்குள் பதில் பறந்து வந்தது. இருவாச்சி! வால்பாறையில் அட்டை கடிக்கக் கடிக்கக் காடு காடாக அலைந்து நான் பார்க்காத இருவாச்சி, ஒரு வெள்ளைக் காரின் கூரையில் தொப்பென்று இறங்கி, சாக்ஸ் மாட்டாத கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தோடு சண்டைக்கு நின்றது. டொக் டொக்கென்று கொத்து. மாடியிலிருந்து ஒரு அம்மா துடைப்பத்தை ஆட்டி மலாயில் வைதார். அத்தான் மொழிபெயர்த்தார்: "உன் பொண்டாட்டிய எவனும் தூக்கிட்டுப் போகல, அது நீதான், போடா." இனப்பெருக்க சீசன் வந்துவிட்டால் அதற்குக் கண்ணாடியில் தெரிகிறவனெல்லாம் எதிரியாம்.

அங்கிருந்து கிளம்பியதும் ஆரம்பித்தேன். "அத்தான், ஒரு வருசமா ஏன் ஒரு குருவிகூட வரல? காரணம் சொல்லுங்க."

காரணத்துக்கா பஞ்சம்? மாதத்துக்கு ஒன்று வைத்திருந்தார். மழை சீசனில் கம்பியில் பார்த்த அந்த வடக்குத் தகைவிலான் வந்து ஆகாயத்துப் பூச்சியையெல்லாம் தின்றுவிட்டதாம். சீனப் புத்தாண்டு வெயிலில் பூச்சியே இல்லையாம். அப்புறம் குயில் தொல்லையாம். முன்பெல்லாம் குயில் சீசனுக்கு வந்து போகும். இப்போது காக்கைக் கூட்டில் முட்டையை வைத்துவிட்டு இங்கேயே பிள்ளைகுட்டியோடு இருக்கிறது. அது கத்துகிற கத்தில் ஸ்பீக்கர் எடுபடவில்லையாம். பழ சீசனில் எதிர்க்கடைக்காரர் புதிதாகப் போட்ட விளக்குப் பலகையின் வெளிச்சமாம். கடைசியில், பக்கத்து நாட்டுக் காடு எரிந்து வருஷா வருஷம் வரும் புகைமூட்டம்.

"பொகைன்னா வாலிட்டுக்குச் சுத்தமா ஆகாது, தெறிச்சு..." என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு ஹார்ன் அடித்தார். முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

"ஆக, தகைவிலான் குத்தம், குயில் குத்தம், விளக்கு குத்தம். அத்தான் குத்தம் ஒண்ணுமே இல்ல?"

"எங்குத்தம்தாம்மா" என்றார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

போர்ட் கிள்ளானில் டோனி அங்கிள் என்ற சீனருக்குச் சொந்தமாக ஒரு குருவி வீடு. உள்ளே கூடு கூடாகத் தொங்குகிறதாம், ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் பேசு என்றார் அத்தான். காரை நிறுத்தியதும் டிக்கியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்திருந்த ஒரு கசங்கிய சட்டையை எடுத்து மாற்றிக்கொண்டார். போட்டிருந்தது அக்கா துவைத்துத் தேய்த்த நல்ல சட்டை. வேர்வை என்றார். காரில் ஏசி எலும்பு வரை குளிர்ந்தது.

டோனி அங்கிள் கதவைத் திறந்தார். உள்ளிருந்து வந்த வாடை இருக்கிறதே, கோழிப்பண்ணையில் கருவாடு காயப்போட்ட வாடை. அந்த வாடைதான் வேண்டுமாம், அதற்கென்று தனியாக மருந்து தெளிப்பார்களாம், பழைய பறவை இருக்கிற வீடு என்று புதுப் பறவை நம்புமாம். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே கால் வைக்கப் போனேன். அவர் என் முகத்துக்கு நேரே கையை நீட்டித் தடுத்தார். இரண்டு முறை மோந்து பார்த்தார். பிறகு மலாயில் படபடவென்று பொரிந்தார். 'ஆசாப்' என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது, பொருள் அப்புறம்தான் தெரிந்தது. புகை.

"என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்ல, அவரு அப்படித்தான்" என்றார் அத்தான்.

"எம்மேல என்ன நாத்தம்னு கேளுங்க. குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

அங்கிளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது, துறைமுகத்துத் தமிழ். "இந்தம்மா கோயில் பொகை" என்றார் என் முடியைக் காட்டி. "பொகை வந்தா குருவி பயம். காட்டுல தீ நினைக்கும். முன்னால பக்கத்து ஆள் குப்பை எரிச்சான், எல்லாம் ஓடிப் போச்சு. திரும்ப வர ரொம்ப நாள். நீ வெளியே நில்லு, ஆன்டி."

ஆன்டி என்றதற்கே அவரை ஒரு பிடி பிடித்திருப்பேன். ஆனால் என் புத்தி வேறு எங்கோ போய்விட்டது. வாசலில் நின்றபடி என் சடையை முன்னால் இழுத்து மோந்து பார்த்தேன். அக்கா வீட்டுச் சாம்பிராணி, பின்னல் பின்னலாக. உள்ளே போன அத்தானின் கசங்கிய சட்டை நினைவுக்கு வந்தது. வண்டியே இல்லாத ரோட்டில் அடித்த ஹார்ன் நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் அத்தான் நிறுத்தி மீன்கறி வாங்கிக் கொடுத்தார். நல்ல மீன், நல்ல புளி, எனக்குத்தான் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அத்தான் பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, போகலாம், கிளம்பு என்றார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே மொட்டை மாடிக்கு ஏறினேன். வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார். மழை பெய்து விட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் கூரை ஓட்டை நேராகத் தெரியும்.

வெயில் மங்கியதும் வந்தன. முதலில் நாலைந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. அரிவாள் மாதிரி வளைந்த சின்னச் சின்ன இறக்கை. ஸ்பீக்கர் சத்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து திரும்பியது. இன்னொன்று உள்ளே போயே போய்விட்டது. அத்தான் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றார். அடுத்து இரண்டு சேர்ந்தாற்போல் நுழைந்தன.

அப்போது கீழே கடையில் மணி அடித்தது. விளக்கு வைத்துவிட்டாள். சிறிது நேரத்தில் படியில் கொலுசுச் சத்தம் ஏறி, எங்களுக்குக் கீழே குருவி மாடியின் கதவு திறந்து மூடியது. அக்கா முணுமுணுவென்று ஏதோ சொல்வது ஓட்டை வழியாகக் கேட்டது. காதைத் தீட்டினேன். சஷ்டியோ தேவாரமோ இல்லை, சொந்த வேண்டுதல். "முருகா, ஒண்ணே ஒண்ணாவது அனுப்பு. அந்த மனுசன் மூஞ்சி சிரிச்சு நான் பாக்கணும்."

வேண்டுதலுக்குப் பின்னாலேயே ஓட்டை வழியாகப் புகை வந்தது. வெள்ளையாக, கமகமவென்று, முதல் தரச் சாம்பிராணி. உள்ளே போன மூன்றும் வெளியே தெறித்தன. சுற்றிக்கொண்டிருந்த கூட்டம் ஒரே திருப்பில் திரும்பி, எதிர்வரிசைக் கூரைகளுக்கு மேல் போய் மறைந்தது. ஸ்பீக்கர் மட்டும் கிச்சுகிச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், பாத்தீங்களா? குயிலும் இல்ல, விளக்கும் இல்ல. அக்கா போடற சாம்பிராணிதான்!"

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா? எப்பலேருந்து?"

"அவ மொதமொத போட்ட அன்னிலேருந்து."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மதுரையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வாய்க்கு வந்தது. "கூறு இருக்கா உங்களுக்கு? லோரிய வித்து, உடம்பக் கெடுத்து, ஒரு வருசமா வானத்தப் பாத்து நிக்கிறீங்க. 'புகை போடாத'ன்னு ரெண்டு வார்த்த, அதச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

அத்தான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "லோரிய வித்தப்ப உங்கக்கா எங்கூடப் பேச்ச நிறுத்திட்டா. மூஞ்சியப் பாக்க மாட்டா. ஒரே வீட்டுல செத்த பொணம் மாதிரி இருந்தேம்மா. ஒரு நாள் சாயந்திரம், நான் கேக்கவே இல்ல, அவளே தூபக்காலத் தூக்கிட்டு மேல வந்தா. எல்லா மூலைக்கும் காட்டுனா. போறப்ப எங்கிட்ட, 'கவலப்படாதீங்க, வரும்'னா. அத்தன நாளுக்கு அப்புறம் மொத வார்த்த அதான்." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே பேசினார். "கண்ணு முன்னாடி குருவி ஓடுச்சு. ஓடட்டும்னு விட்டுட்டேன். குருவி வரலன்னா என்ன, மல்லிகா மேல வந்தாள்ல. இப்ப போயி, நீ கும்புடறதாலதான் வரலன்னு அவகிட்ட எப்படிச் சொல்வேன்? அதுக்கு டியூஷன்காரனுக்கே குடுத்துரலாம்."

திட்ட ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

"சொல்ல வேணாம். கேட்டாச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மொட்டை மாடிக் கதவில் அக்கா. கையில் தூபக்கால் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

அக்கா தூபக்காலைப் பார்த்தாள், வெறும் வானத்தைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் கையாலேயே துரத்தியிருக்கிறாள். அது முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அறிவுகெட்ட மனுசா" என்றாள். "நான் ஒரு முட்டாச் சிறுக்கி, தெரியாமப் போட்டேன். உங்களுக்கு என்ன கேடு? சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"நீ மறுபடியும் பேச்ச நிறுத்திட்டா?" என்றார் அத்தான்.

அக்கா பக்கத்து வாளித் தண்ணீரை எடுத்துத் தூபக்காலில் மடார் என்று ஊற்றினாள். தணல் சீறிக் கிளம்பிய புகையில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இருமினோம். இத்தனை மாதமாகப் போட்டதை விட அதிகப் புகை அந்த ஒரு வாளியில் வந்தது. இருமலுக்கு நடுவில் அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அவர் தோளில் படீரென்று ஒரு அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. நான் அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

சனிக்கிழமை மேல்மாடியைக் கழுவினோம். கரி படிந்த பலகைகளைத் துடைக்கத் துடைக்க எங்கள் துணி கறுத்தது. சாயந்திரம் கடையில் விளக்கு மட்டும் எரிந்தது. அக்கா கைக்கு வேலை இல்லாமல் கல்லாவில் உட்கார்ந்து, திரியாகத் திரித்துத் தள்ளினாள். மேலே குருவிகள் வந்தன, சுற்றின, ஓட்டைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வாடை போக மாதங்கள் ஆகலாம், வராமலே போனாலும் போகலாம் என்று டோனி அங்கிள் போனில் சொல்லிவிட்டார். அத்தான் மறைக்காமல் அக்காவிடம் அதை அப்படியே சொன்னார். அவளும் முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டியூஷன் சென்டர் தம்பி வந்தது. நல்ல பையன், தேய்த்த சட்டை, அளவெடுக்க டேப் சகிதம். அத்தான் எழுந்தார், கதவுச் சாவியை எடுக்க ஆணிப்பக்கம் கை போனது. அக்கா சூடம் நிறுத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சாரி தம்பி. மாடி போயிருச்சு. வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

"அப்படியா ஆன்டி? ஃபேமிலியா?"

"ஃபேமிலிதான். ரொம்பப் பெரிய ஃபேமிலி."

பையன் முகம் வாடிவிட்டது. "எப்ப வராங்க? ஒருவேள வரலன்னா எனக்கு ஒரு போன் போடுங்களேன்."

அக்கா தராசை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பார்த்தது பையனை இல்லை, ஆணியில் கை வைத்தபடி நின்ற அத்தானை.

"எப்ப வேணா வரட்டும் தம்பி. வரவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் மேல நின்னு பாத்துகிட்டு இருப்போம்."